கிளாட் ஆங்கிலப் பகுதி: ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் தேர்வு 2020 முதல் முழுக்க முழுக்க வாசிப்புத் தேர்வாக மாறிவிட்டது. இலக்கணம், எதிர்ச்சொல், விடுபட்ட சொல்லை நிரப்புதல் என்று தனித்தனியாக வந்த கேள்விகள் போய்விட்டன. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்ட அறிவு, தர்க்கம், கணிதம் ஆகிய ஐந்து பகுதிகளிலும் முதலில் ஒரு பேசேஜ் (வாசிப்பதற்கான உரைப்பகுதி) இருக்கும், அதன் கீழே கேள்விகள் வரும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே நுழைவாயில். ஆங்கிலப் பகுதிக்காகச் செய்யும் வாசிப்புப் பயிற்சிதான் தேர்வு முழுவதற்குமான அடிப்படை.

இப்போதைய வடிவத்தில் 120 கேள்விகள், 120 நிமிடம். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறானால் 0.25 குறையும். ஆங்கிலத்தில் 22 முதல் 26 கேள்விகள் வரும். ஒரு பேசேஜ் ஏறத்தாழ 450 வார்த்தைகள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் வாசிக்கக்கூடிய தரம் என்று தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே சொல்கிறது. அதை அப்படியே நம்பிப் பயிற்சி செய்தால் ஆபத்து. ஒரு பேசேஜுக்கு ஐந்தாறு கேள்விகள் என்றால், தாள் முழுக்கச் சுமார் 20 பேசேஜ்கள். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் வாசித்தாலே 100 நிமிடம் போய்விடும். 120 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான் மிஞ்சும். எனவே 450 வார்த்தைகளை மூன்று நிமிடத்துக்குள் புரிந்து வாசிப்பதுதான் இலக்கு. அது நிமிடத்துக்கு 150 வார்த்தை, யாராலும் எட்டக்கூடிய வேகம். கடினமான பகுதி ‘புரிந்து’ என்பதில் இருக்கிறது.

முதல் கட்டம்: கடிகாரம் இல்லாமல் வாசிப்பது (முதல் நான்கு வாரம்)

பலரும் முதல் நாளே மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) இறங்கிவிடுகிறார்கள். பாதிக் கேள்விகள் தப்பாகின்றன. எதனால் தப்பானது என்று தெரியாமலே அடுத்த டெஸ்டுக்குப் போகிறார்கள். நாற்பது டெஸ்ட் எழுதியும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

முதல் நான்கு வாரம் தினமும் இரண்டு கட்டுரை போதும். தி இந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ்களின் தலையங்கங்கள் அளவில் பேசேஜுக்கு நெருக்கமானவை. நடுப்பக்கக் கட்டுரைகள் நீளமானவை. அவற்றில் முதல் ஐந்தாறு பத்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் புனைகதை இருக்கட்டும். கிளாட்டில் சமகால எழுத்தோடு பழைய சிறுகதை, நாவல் பகுதிகளும் வரலாம். தலையங்கம் மட்டுமே படித்துப் பழகியவர்கள் கதைப் பகுதியைக் கண்டதும் தடுமாறுவார்கள். கதையில் கருத்து நேராகச் சொல்லப்படாது. பாத்திரத்தின் பேச்சிலும் செயலிலும் இருந்து நாம்தான் எடுக்க வேண்டும். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கிலக் கதைகள் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாசிக்கும் முறை இதுதான். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்துங்கள். அந்தப் பத்தியைப் பார்க்காமல், அது என்ன செய்கிறது என்று ஒரே வரியில் ஓரத்தில் எழுதுங்கள். என்ன ‘சொல்கிறது’ என்பதைவிட என்ன ‘செய்கிறது’ என்பது முக்கியம்: ‘எதிர்த்தரப்பு வாதத்தை எடுத்து வைக்கிறது’, ‘அதற்கு விதிவிலக்கு காட்டுகிறது’, ‘தன் முடிவைச் சொல்கிறது’. இந்த வரியைத் தமிழிலேயே எழுதலாம், எழுதுவது நல்லதும்கூட. ஆங்கிலத்தில் எழுதினால் பத்தியில் இருந்த நாலு வார்த்தைகளை அப்படியே மாற்றி அடுக்கிவிட்டு, புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுத வேண்டுமானால் புரிந்தால்தான் எழுத முடியும். இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்தி, மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

கட்டுரை முழுக்க முடிந்ததும் இன்னும் மூன்று வரி: எதைப் பற்றியது, ஆசிரியரின் நிலை என்ன, அவர் யாரோடு முரண்படுகிறார். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் அது பெரும்பாலும் விளக்கக் கட்டுரை. பதில் இருந்தால் வாதக் கட்டுரை. கேள்விகளின் போக்கே அதற்கேற்ப மாறும்.

நீண்ட வாக்கியத்தைப் பிரிப்பது

தமிழில் சிந்திக்கும் மாணவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை சொற்களஞ்சியம் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் வாக்கிய அமைப்புதான் அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை. தமிழில் விளக்கம் எல்லாம் முன்னால் வந்து பெயர்ச்சொல் பின்னால் வரும். வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்துவிடும், விளக்கம் அதன் பின்னால் தொங்கும், வினைமுற்று இருபது வார்த்தை தள்ளி வரும். ‘வெள்ளத்துக்குப் பின் ஆக்கிரமிப்புகளை ஆராய அரசு அமைத்த குழு அறிக்கை தந்தது’ என்ற செய்தி ஆங்கிலத்தில் ‘குழு’வில் தொடங்கும். ‘தந்தது’ வருவதற்குள் அரசு, வெள்ளம், ஆக்கிரமிப்பு எல்லாம் வந்து போயிருக்கும். அறிக்கை தந்தது அரசு என்று படித்துவிடுகிறோம். அதன் மேல் ஒரு கேள்வி வந்தால் போச்சு.

தினமும் கட்டுரையில் உள்ள மிக நீளமான ஐந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுங்கள். பென்சிலால் எழுவாயை வட்டமிடுங்கள், அதற்குரிய வினைமுற்றுக்கு அடிக்கோடிடுங்கள். விட்ச், தட், ஹூ என்று தொடங்கும் விளக்கத் துண்டுகளை அடைப்புக்குள் போடுங்கள். அடைப்புகளை நீக்கி மிச்சத்தைப் படித்தால் வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரியும். மூன்று வாரத்தில் பென்சில் தேவைப்படாது.

எதிர்மறைச் சொல் வராமலே எதிர்மறைப் பொருள் தரும் தொடர்களையும், அதற்கு நேர்மாறானவற்றையும் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆல் பட்’ என்றால் ‘ஏறக்குறைய முழுவதும்’. ‘எனிதிங் பட்’ என்றால் ‘அறவே இல்லை’. ‘கெனாட் பி ஓவர்ஸ்டேட்டட்’ என்பது ‘மிகைப்படுத்தக் கூடாது’ என்ற எச்சரிக்கையாகத் தோன்றும். பொருள் ‘எவ்வளவு சொன்னாலும் தகும்’ என்பது. ‘ஹார்ட்லி’, ‘ஃபார் ஃப்ரம்’, ‘நாட் அன்லைக்லி’ போன்றவையும் இந்த வகை. கேள்வி அமைப்பவர்கள் தேடிப் பிடிப்பது இத்தகைய வாக்கியங்களைத்தான்.

சொற்கள்: பட்டியல் மனப்பாடம் வேண்டாம்

கிளாட்டில் ஒரு சொல்லின் பொருள் அந்த பேசேஜில் எப்படி வருகிறது என்றுதான் கேட்பார்கள். அகராதியின் முதல் பொருளைத் தெரிந்து வைத்தவர்களே இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘சாங்ஷன்’ ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் தண்டனை நடவடிக்கை. ‘க்வாலிஃபைடு சப்போர்ட்’ என்றால் தகுதி வாய்ந்த ஆதரவு அல்ல, நிபந்தனையோடு கூடிய ஆதரவு. புதிய சொல் வந்ததும் அகராதிக்கு ஓடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை வைத்து ஒரு பொருளை ஊகித்து எழுதிவிட்டு, பிறகு சரிபாருங்கள். குறிப்பேட்டில் தனிச் சொல்லாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். நாளுக்கு ஐந்து போதும்.

இரண்டாம் கட்டம்: கேள்வியின் உள்ளே நுழைவது (அடுத்த ஆறு வாரம்)

கேள்வி வகைகள் அதிகமில்லை: மையக் கருத்து, நேரடித் தகவல், ஊகம், ஆசிரியரின் நிலை அல்லது தொனி, இரண்டு வாதங்களின் ஒப்பீடு, சொற்பொருள். வகைகளைக் கற்பதைவிடத் தவறான ஆப்ஷன்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று கற்பது அதிகம் பலன் தரும். இந்த வழிகாட்டிக்காக எழுதிய ஒரு சிறு பேசேஜின் சாரத்தை வைத்துப் பார்ப்போம்.

‘நகரத்து ஏரிகளைத் தூர்வாரினால் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்று பொறியாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். தூர்வாரிய ஏரியின் கொள்ளளவு கூடுவது உண்மைதான். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்கள் பல இடங்களில் சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. தண்ணீர் வந்து சேர வழியில்லாத ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது பெரிய பள்ளம் மட்டுமே. தூர்வாருவது கண்ணுக்குத் தெரியும் வேலை, ஒரு கோடைக்குள் முடிந்துவிடும், விழாவும் எடுக்கலாம். கால்வாயை மீட்பதற்கோ நிலப் பதிவேடுகளைத் துழாவ வேண்டும், வழக்குகளைச் சந்திக்க வேண்டும். நிதி எந்தப் பக்கம் போகிறது என்பதில் வியப்பில்லை.’

மையக் கருத்து எது என்ற கேள்விக்கு நான்கு ஆப்ஷன்கள்:

அ) ஏரிகளைத் தூர்வாருவது பயனற்ற வேலை.
ஆ) வரத்துக் கால்வாய்களை மீட்காத தூர்வாரல் போதாது; ஆனாலும் எளிதில் முடியும் வேலைக்கே முன்னுரிமை கிடைக்கிறது.
இ) வரத்துக் கால்வாய்கள் சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன.
ஈ) ஏரிகளைக் காப்பதில் பொதுமக்களும் பங்கேற்க வேண்டும்.

‘அ’ மிகைப்படுத்தல்: கொள்ளளவு கூடுவது உண்மை என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். ‘இ’ உண்மைதான், பேசேஜில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது ஒரு துண்டுத் தகவல். கண்ணில் பட்ட சொற்கள் ஆப்ஷனிலும் இருப்பதால் கை தானாக அங்கே போகும். ‘ஈ’ நல்ல கருத்து, பேசேஜில் இல்லாத கருத்து. விடை ‘ஆ’.

அடுத்து, இதிலிருந்து எதை ஊகிக்கலாம்?

அ) தூர்வாரினால் ஏரியின் கொள்ளளவு கூடும்.
ஆ) பொறியாளர்கள் தெரிந்தே மக்களை ஏமாற்றுகிறார்கள்.
இ) கால்வாய் மீட்பைவிடத் தூர்வாரலுக்கே அதிக நிதி போவதாக ஆசிரியர் கருதுகிறார்.
ஈ) நீதிமன்றங்கள் கால்வாய் மீட்பைத் தடுக்கின்றன.

‘அ’ வெளிப்படையாகச் சொல்லப்பட்டது; ஊகம் தேவையில்லை. ‘ஆ’ பேசேஜ் போகாத தூரத்துக்குப் போகிறது. ‘ஈ’ மிக நுட்பமான பொறி: வழக்குகளைச் சந்திக்க வேண்டும் என்பதற்கும் நீதிமன்றம் தடுக்கிறது என்பதற்கும் இடையே நாமாக ஒரு பாலம் கட்டினால்தான் அது விடையாகும். ‘இ’ எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் கடைசி வாக்கியத்தை அதற்கு முந்தைய மூன்றோடு சேர்த்துப் படித்தால் வேறு பொருளுக்கு இடமில்லை. ஊகக் கேள்வியின் சரியான விடை எப்போதும் பேசேஜிலிருந்து ஒரே ஒரு எட்டு தள்ளித்தான் இருக்கும். இரண்டு எட்டு தேவைப்பட்டால் அது தப்பு.

தொனியைக் கேட்டால்? ஆசிரியர் விமர்சிக்கிறார், ஆனால் எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வதால் ‘ஆத்திரம்’ பொருந்தாது. ‘நடுநிலை’யும் இல்லை, அவருக்கு உறுதியான நிலை உண்டு. தொனி விடைகளில் உச்சத்தில் இருக்கும் சொற்கள் அரிதாகவே சரியாக இருக்கும்.

பயிற்சியில் ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விடையைக் குறித்ததும், அதற்கு ஆதாரமான வரியின் எண்ணை அருகில் எழுதுங்கள். எண் எழுத முடியாத விடை, நம் சொந்த அறிவிலிருந்து வந்தது. கிளாட் பேசேஜ்கள் நமக்குத் தெரிந்த பொது விஷயங்களைத் தொடுவதால் இந்தத் தவறு அடிக்கடி நேரும். கட்டுரையாசிரியர் நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னாலும் அவர் சொன்னதுதான் விடை.

யார் கருத்து என்பதிலும் கவனம் தேவை. ‘விமர்சகர்கள் சொல்கிறார்கள்’ என்று தொடங்கி நான்கு வரி ஓடும்; பிறகு ஒரு ‘ஹவெவர்’ வரும். அந்த நான்கு வரியை ஆசிரியரின் கருத்தாகக் காட்டும் ஆப்ஷன் கட்டாயம் இருக்கும். ஓரத்தில் ஆசிரியருக்கு ‘ஆ’, மற்றவருக்கு ‘ம’ என்று குறித்துப் பழகுங்கள். ஹவெவர், யெட், பட், ஆல்தோ, டெஸ்பைட் ஆகியவற்றை வட்டமிடுங்கள். ‘நாட்’, ‘எக்செப்ட்’ என்று கேள்வியில் வந்தால் இரண்டு முறை வட்டமிடுங்கள். புரிந்தும் மதிப்பெண் இழக்கும் இடம் அது.

கேள்விகளை முதலில் படிப்பதா, பேசேஜை முதலில் படிப்பதா என்ற விவாதம் முடிவதில்லை. எங்கள் பரிந்துரை: பேசேஜ் முதலில். கேள்விகளில் பெரும்பாலானவை முழுப் புரிதலைக் கேட்பவை. கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசித்தால் அதற்கான வரியைத் தேடுவோமே தவிர வாதத்தைப் பின்தொடர மாட்டோம். பிறகு மையக் கருத்துக்காக இன்னொரு முறை வாசிக்க வேண்டிவரும்.

தவறுக் குறிப்பேடு

பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு விடை எழுதினால், அதே அளவு நேரம் திருத்தத்துக்குக் கொடுங்கள். பேசேஜ் எண்ணிக்கை பாதியானாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு தவறுக்கும் நான்கு விவரம்: கேள்வி வகை, நான் தேர்ந்த ஆப்ஷன் ஏன் கவர்ந்தது, அது ஏன் தவறு, சரியான விடைக்கான ஆதார வரி. இரண்டாவதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். அது எதையும் சொல்லாது. ‘பேசேஜின் சொற்கள் அப்படியே இருந்ததால் எடுத்தேன்’, ‘ஓன்லி என்ற சொல்லைக் கவனிக்கவில்லை’, ‘நீண்ட வாக்கியத்தின் எழுவாயை மாற்றிப் படித்தேன்’ என்று எழுதுங்கள். சரியாகப் போட்டும் சந்தேகத்தோடு போட்ட விடைகளையும் சேருங்கள். விடைக்குறிப்பைப் பார்க்கும் முன், தவறான கேள்விகளை மட்டும் இன்னொருவரைக் குறிக்கச் சொல்லி, நேரக் கட்டுப்பாடின்றி மறுபடி முயலுங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தால் சிக்கல் வேகத்தில். மறுபடியும் தப்பினால் புரிதலில்.

வார இறுதியில் எண்ணிப் பாருங்கள். தவறுகளில் பாதி ஒரே காரணத்தில் விழுந்திருக்கும். அடுத்த வாரம் அந்த ஒன்றுக்கு மட்டும் பயிற்சி.

மூன்றாம் கட்டம்: நேரம்

விடைகளில் முக்கால் பங்குக்கு மேல் சரியாக வரத் தொடங்கிய பிறகே கடிகாரத்தை வையுங்கள். முதலில் ஒரு பேசேஜுக்கு ஒன்பது நிமிடம், பத்து நாள் கழித்து எட்டு, பிறகு ஏழு, கடைசியில் ஆறு: வாசிக்க மூன்று, ஆறு கேள்விகளுக்கு மூன்று. நான்கு பேசேஜ் என்றால் 24 நிமிடத்தில் ஆங்கிலப் பகுதி முடியும். நேரத்தைக் குறைக்கும்போது சரியான விடைகள் இறங்கினால் முந்தைய அளவுக்கே திரும்பி ஒரு வாரம் இருங்கள்.

உதட்டை அசைத்து வாசிப்பதும், படித்த வரிக்கே திரும்பத் திரும்பப் போவதும்தான் வேகத்தைக் குறைப்பவை. பேனா முனையை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே வாசித்தால் கண் பின்னால் போகாது. சில வரிகளைத் தாவிப் படிக்கும் உத்திகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 450 வார்த்தையில் தாவுவதற்கு உபரி எதுவும் இல்லை.

கடைசி இரண்டு மாதம் வாரம் ஒன்று அல்லது இரண்டு முழுத் தேர்வு. கூட்டமைப்பின் இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாள்களுக்கே முதலிடம். 2020 முதல் வந்தவை மட்டும் பயன்படும். சில பயிற்சித் தாள்கள் வேண்டுமென்றே குழப்பமான ஆப்ஷன்களைத் தந்து, விளக்கத்தில் ஆதார வரி காட்டாமல் விட்டுவிடும், அவற்றை ஒதுக்குங்கள். 2023, 2024, 2025 ஆண்டுகளில் தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தத்தில் நீண்ட பத்திகளை வாசிப்பது தனிப் பழக்கம். அதனால் முழுத் தேர்வுகளையும் அதே நேரத்தில், காகிதத்தில் எழுதுங்கள். திரையில் மட்டும் பழகியவர்களுக்கு அச்சுத் தாளில் அடிக்கோடிடும் பழக்கம் வராது.

தேர்வறையில்

தெரியாத கேள்வியில் ஊகிக்கலாமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் 0.06 மதிப்பெண், அதற்குச் செலவாகும் நேரத்துக்குக்கூடப் போதாது. ஒன்றை நீக்க முடிந்தால் 0.17. இரண்டை நீக்க முடிந்தால் 0.375, அப்போது தயங்காமல் குறிக்கலாம். இரண்டு ஆப்ஷனுக்கு இடையே சிக்கினால், எது சரி என்று தேடாமல் எதில் தவறான ஒரு சொல் இருக்கிறது என்று தேடுங்கள். ஆல்வேஸ், நெவர், ஓன்லி போன்ற சொற்களிலிருந்து தொடங்குங்கள். நாற்பது விநாடிக்கு மேல் ஆனால் வினாத்தாளில் நட்சத்திரக் குறியிட்டு நகருங்கள்.

ஒரு பேசேஜின் முதல் பத்தி இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை என்றால் அடுத்த பேசேஜுக்குப் போய்விட்டுக் கடைசியில் திரும்பலாம். ஆனால் கேள்விகளைப் பாதியில் விட்டுப் போகாதீர்கள்; திரும்பி வந்தால் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு பேசேஜும் முடிந்ததும் அதன் விடைகளைக் கறுப்பு அல்லது நீலப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிவிடுங்கள். விட்டுப்போன கேள்வி இருந்தால் வட்டங்கள் ஒரு வரிசை இறங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகவே ஒவ்வொரு பேசேஜின் கடைசி விடையை நிரப்பும்போது வினாத்தாளின் எண்ணும் ஓஎம்ஆர் எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.